கிராணிக்குக் கோப்பி

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வருடம், மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு துணிக்கடை முதலாளி இரண்டு மாடிக் கடை கட்டினார். அவர் சார்பில் செலவைச் சரிபார்க்கும் கிராணி நான். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த ஒண்டிக்கட்டை. வாடகை அறையில் என்னோடு இருந்தவை ஒரு பாயும் ஒரு தகரப்பெட்டியும்தான்.

நிலம் சதுப்பு. அஸ்திவாரத்துக்கு சேற்றில் அடிக்கிற பக்காவ் மரக்கம்பு எத்தனை இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எவரும் மொத்த விலை பேச முன்வரவில்லை. கடைசியில் ஒரு காண்ட்ராக்டர், "ஆகிற செலவ அப்படியே குடுங்க. அதுக்கு மேல நூத்துக்குப் பத்து எனக்கு" என்றார். முதலாளிக்கும் வேறு வழியில்லை. இதில் உள்ள வில்லங்கம், செலவு கூடக் கூடக் காண்ட்ராக்டரின் பத்தும் கூடும். சிமெண்டு மூட்டை மழையில் நனைந்து கல்லானாலும் அவருக்கு லாபமே. அதைத் தடுக்கத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

"அங்க யாருகிட்டயும் பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்காதே" என்றார் முதலாளி.

குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. நான் பக்கத்தில் போனாலே பேச்சு நின்றுவிடும். மூன்று மாதம் மணல் குவியலருகில் தனியாகச் சாப்பிட்டேன். எண்ணுவதற்கு லோரி வராதா என்றிருக்கும்.

நான்காம் மாதம் முதல் நாள் காலை பத்து மணிக்கு, கொத்தனார் கூப்பிட்டார். "கிராணி, இங்க வாங்க. கோப்பி ஆறுது." மறுக்கத்தான் வேண்டும். போய் உட்கார்ந்தேன். போன வாரம் வந்த காய்ச்சல் தேவலையா, எங்கே சாப்பிடுகிறீர்கள், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் கேட்டார். அப்புறம் தினமும் கூப்பிட்டார். விடிந்தால் பத்து மணியைத்தான் நினைப்பேன்.

மாதக் கடைசியில் செலவுப் பட்டியல் வந்தது. ஆணி வாங்கிய கணக்குக்குக் கீழே ஒரு வரி: கிராணிக்குக் கோப்பி, இருபத்தாறு நாள். அதற்கும் நூற்றுக்குப் பத்து சேர்த்திருந்தார்கள்.

கொத்தனாரிடம் கேட்டேன். "காண்ட்ராக்டருதான் குடுக்கச் சொன்னாரு கிராணி. ஏன், நல்லா இல்லையா?" என்றார் வெள்ளையாக.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஒரு கோப்பிக்காக.

அன்று மாலை பென்சிலோடு அந்த வரியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடித்துவிட்டால் முதலாளிக்கு உண்மையாக இருந்தவன் ஆவேன். நாளை யாரும் கூப்பிட மாட்டார்கள். முதலாளியின் சம்பளத்தில் சாப்பிடுகிறவன் நான், அதுவும் தெரியும்.

சரி என்று குறி போட்டேன். மறுநாள் பத்து மணிக்குக் கொத்தனார் கூப்பிடுவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.