உமிச்சாம்பல் பூசிய கொட்டாங்குச்சி

எங்கள் கல்லூரியில் பீங்கான் பிரிவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு இடம் கிடைக்காமல் வருகிறவர்கள். கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறிப் போன நானும் அந்த ரகம்தான். குடவாசல் பக்கத்துத் தமிழ்நிலா அப்படியில்லை. பிடிவாதமாகக் கேட்டு வாங்கிச் சேர்ந்தவள். கடைசி வருடக் கண்காட்சிக்கு மற்றவர்கள் யானையும் பிள்ளையாரும் செய்துகொண்டிருக்க, பீங்கானில் கொட்டாங்குச்சி செய்யப் போவதாகச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா? தேங்கா உடைச்சா தினம் ரெண்டு கிடைக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா அம்சம் சின்ன வயதில் நடவுக்குப் போன பண்ணையில், ஆட்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் டீ ஊற்றுவார்களாம். வீட்டுக்காரர்களுக்கு வெள்ளைப் பீங்கான் கோப்பை.

"அதே பீங்கான்ல இதச் செஞ்சு வைக்கிறேன் கமரு. அந்த வீட்டு ஆளுங்க வந்து பாக்கட்டும்."

சொல்வது சுலபம். முதல் முறை அச்சு எடுக்கக் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் பிளாஸ்டர் ஊற்றியபோது சோப்புக் கரைசல் தடவ மறந்துவிட்டாள். நாரெல்லாம் பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது அச்சு இரண்டாகப் பிளந்தது. நாரைச் சுரண்டி, சோப்புத் தடவி மறுபடி ஊற்றியதில் தேங்காயின் மூன்று கண்கூட அச்சில் தெளிவாக விழுந்தது. பளபளப்புப் பூச்சுக்கு ரைஸ்மில்லிலிருந்து உமிச்சாம்பல் மூட்டையைத் தூக்கி வந்தாள். கறுப்புச் சாம்பலை அப்படியே கலந்ததில் பூச்சு சூளையில் சுருண்டு, சொறி பிடித்த மாதிரி ஆயிற்று. சாம்பலை வெளுக்கும்வரை மறுபடி எரித்துச் சலித்தாள். அடுத்த சூட்டில் பூச்சு உருகி வழிந்து கோப்பைகள் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. உளியால் தட்டி எடுத்தவள் நான். உடைந்ததற்கெல்லாம் திட்டு வாங்கியவளும் நான்தான். பூச்சை மெலிதாக்கிய பிறகுதான் உள்ளே பால்வெள்ளையும் வெளியே பழுப்புமாக வந்தன. அன்று சூளை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

'பண்ணையில் என் அம்மாவுக்கு டீ ஊற்றிய பாத்திரம்' என்று அட்டையில் எழுதி வைத்தாள். எடுத்துவிடச் சொன்னார் துறைத்தலைவர். முடியாது என்றாள்.

சிறப்பு விருந்தினர் அதே பண்ணை வீட்டு மதிவாணன். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து, பழைய வீட்டை ரிசார்ட் ஆக்கியவர். "அம்மா பக்கத்துல நிக்கிறப்ப அவர் அதப் படிக்கணும். ஒரு தடவ தல குனியணும், அவ்வளவுதான்" என்றாள். அதற்காகவே அம்மாவையும் வரச் சொன்னாள்.

மதிவாணன் படித்தார். நிதானமாக, இரண்டு முறை. தலை மட்டும் குனியவில்லை.

"பிரமாதம்மா. இந்தக் கதையச் சொல்லி நம்ம ரிசார்ட்டுல டீ குடுத்தா வெள்ளைக்காரன் சொக்கிப் போயிடுவான்" என்றார். பிறகு ஓரமாக நின்றவரைப் பார்த்து, "நீ அம்சந்தானே? வா, ஆளுக்கு ஒரு டீ குடிச்சு போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். அம்சத்துக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

யாரோ பிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றினார்கள். "வேணாம்மா" என்று தமிழ்நிலா சொல்லி முடிப்பதற்குள் அம்சம் "சரிங்க" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். மதிவாணன் ஒரு வாய் குடித்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த யானையைப் பார்க்கப் போனார்.

அம்சம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தார். வெளியே குழாயடிக்குப் போய்க் கோப்பையைக் கழுவினார். திரும்பி வந்து மேசையில் வைக்கவில்லை; வாசலுக்கு வெளியே தரையில் கவிழ்த்து வைத்தார். பண்ணையில் அப்படித்தானாம், குடித்தவர்களே கழுவி வெளியே கவிழ்க்க வேண்டும். யாரும் சொல்லாமல் கை தானாகச் செய்துவிட்டது. ஒரு நிமிடம் அதையே பார்த்தபடி நின்றார். பிறகு மகள் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். எனக்கு மதிவாணனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது.

முதல் பரிசு தமிழ்நிலாவுக்குத்தான். ரிசார்ட்டுக்கு ஆர்டரும் வந்துவிட்டதென்று துறைத்தலைவர் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"அப்பயாச்சும் பண்ணைக்காரங்க குடுத்தாங்க கமரு. இந்தத் தடவ எங்க அம்மா கையில கொட்டாங்குச்சியக் குடுத்தது நான்."