அக்கா மடியில் ஹெல்மெட்

அந்த ஹெல்மெட்டின் நெற்றியில் நீளமாக ஒரு கீறல். டெக்சாஸில், அக்கா மகன் படித்த கல்லூரியின் டாக்டர் அறையில், அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் முன்பு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அவன் நடுத்திடலில் நின்றதை நானும் பார்த்தேன்.

மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டால், கோச்சே கெஞ்சினாலும் டாக்டர் சம்மதிக்காமல் ஆட முடியாது. கல்லூரி விதி அப்படி. சீசன் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் ஒரு ஞாபகச் சோதனை உண்டு. பத்து வார்த்தை சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பார்கள். அடிபட்டவன் மறுபடி அந்தப் பழைய மதிப்பெண்ணைத் தொட்டால் களத்துக்குப் போகலாம். இவன் தொட்டுவிட்டான். அப்போதும் நான்கு, இப்போதும் நான்கு. தலைவலியே இல்லை என்று சத்தியம் வேறு. டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"நாலா?" என்றாள் அக்கா. தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால் மீதி இரண்டு எங்கே என்று கேட்டு வளர்த்தவளாயிற்றே! "டேய், ஸ்பெல்லிங் போட்டியில கப் வாங்கினவன்டா நீ. அடிபடறதுக்கு முன்னாடியே எப்படிடா நாலு?"

"அம்மா, ப்ளீஸ். டோன்ட் டூ திஸ்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் அடிபட்டாலும் தப்பித்துவிடலாம் என்று, முதல் சோதனையிலேயே வேண்டுமென்றே மறந்ததாக நடித்திருக்கிறான். என்ன கெட்டிக்காரத்தனம், பாவி! அக்கா டாக்டரிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டு உடைத்தாள். அவன் கத்திக்கொண்டே ஹெல்மெட்டைப் பிடுங்க வந்தான். அவள் விடவில்லை.

"என்கூடப் பேசாட்டிப் போ. உன் தலை நல்லா இருந்தா போதும்."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, அவனைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த சீசனே அவனுக்குப் போயிற்று. ஆட்டமும் அதோடு நின்றது. அக்காவோடு ஒரு வருஷம் பேசவில்லை. எனக்குத்தான் போன் பண்ணுவான். முதல் சோதனையில் மதிப்பெண் குறைந்தால் மறுபடி உட்காரவைத்துச் சோதிக்கிறார்களாம் இப்போது அந்தக் கல்லூரியில்.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தான். அணி நினைவாகக் கொடுத்த அந்த ஹெல்மெட் செருப்பு ஸ்டாண்டின் மேல் கிடக்கிறது. கிளம்பும்போது அதை எடுத்துக் கீறலைத் தடவினான். "லெமன், விண்டோ, எலிஃபன்ட்…" என்று ஆரம்பித்தான். அக்கா விரல் விட்டு எண்ணினாள். அந்த முதல் சோதனையின் பத்து வார்த்தையும் வந்தன.

"ஐ நியூ ஆல் டென், மா. அப்பவே பத்தும் தெரியும்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹெல்மெட் தரையில் உருண்டுபோனது.