மணப்பாடு வரை போன டீ-ஷர்ட்

திருப்பூரில் எங்கள் செட்டில் யாரும் டீ-ஷர்ட்டைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாங்கினால் சிரிப்பார்கள். ஏதாவது ஒரு கம்பெனி ரிஜெக்ட் பீஸ் எப்படியும் வீட்டுக்கு வந்துவிடும். நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு பையருக்கும் தையல் ஹாலுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே, கொஞ்சம் நடை கொஞ்சம் டவுன் பஸ் என்று நாலு நாள் சுற்றலாம் என காலேஜ் தோழியும் நானும் முடிவு செய்தபோது, துணிக்காக நான் பீரோவைத் திறக்கவே இல்லை.

கிளம்புகிற அன்று சாயங்காலம் செக்கிங் ஹாலுக்குப் போனேன். பீஸில் குறை பார்க்கும் அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். அவர் மேஜையில் ரிஜெக்ட் குவியலுக்குப் பக்கத்தில் வெளுத்துப்போன நீல டீ-ஷர்ட் ஒன்று கிடந்தது. நல்ல மெத்தென்ற துணி. சுருட்டி முதுகுப் பைக்குள் திணித்தேன். எங்கள் கேட்டில் தொழிலாளிகள் டிபன் பையைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். ஆபீஸ்காரர்கள் பையை வாட்ச்மேன் தொடமாட்டார்.

முதல் நாள் அந்த டீ-ஷர்ட்டோடுதான் திருச்செந்தூர் கடலில் விழுந்து கிடந்தேன். மறுநாள் காலை மணப்பாட்டிலும் அதேதான் உடம்பில். அங்கே கடலை ஒட்டி ஒரு மணல் குன்று, உச்சியில் சர்ச். கீழே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு தாயி? பொம்பளப் புள்ளைய ரெண்டும் மூட்டையத் தூக்கிட்டு அலையுதியளே, வீட்டுல தேட மாட்டாவளா?"

"தேடட்டும்ங்க, நல்லாத் தேடட்டும்" என்று சிரித்துவிட்டு ஏறினோம். குன்றின் மேல்தான் செல்போனுக்கு டவர் கிடைத்தது. கிடைத்ததும் மணி அடித்தது. ஆபீஸில் என் பக்கத்து சீட் பெண்.

"அக்கா, இங்க ஒரே ரகளைங்க்கா. பையர் குடுத்த ஒரிஜினல் பீஸைக் காணோம். செக்கிங் அக்கா பொறுப்புல இருந்துது. நாளைக்குப் பத்து மணிக்கு பையரோட ஆளு வந்து அத வெச்சுத்தான் சரக்கப் பாஸ் பண்ணணும். அந்தக்கா திருடிட்டாங்கன்னு மேனேஜர் கத்துறாருங்க. காலைல பீஸ் வரலீன்னா வேலைக்கே வராதேன்னுட்டாரு."

"என்ன பீஸ்?"

"ப்ளூ ரவுண்ட் நெக்குங்க்கா. வாஷ் பண்ணி, வேணும்னே வெளுக்க வெச்சது."

குனிந்து என்னையே பார்த்துக்கொண்டேன். "அய்யோ பாவம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். டவர் போய்விட்டது என்று தோழியிடம் சொன்னது பொய். நான்தான் போனை வைத்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் பையைக் கீழே போட்டாள். "ஏன்டி, இப்பவே கூப்புட்டு எங்கிட்டத்தான் இருக்குதுன்னு சொல்லிப்போடு. அந்தக்காவுக்கு உசுரு வரும்."

"போன்ல வேண்டாம். இன்னிக்கே ஊருக்குப் போயிரலாம். காலைல கொண்டுபோயி வெச்சுட்டாத் தீந்துது."

"வெச்சுட்டாவா? குடுத்துட்டான்னு சொல்லுடி!"

எனக்கு வந்ததே கோபம்! "உனக்கென்ன, உங்கப்பா கடையில உக்காந்திருக்கறவ. என் சீட்டு கிழிஞ்சா நீயா சோறு போடுவ?" என்று கத்தினேன். அதில் பொய்யில்லை. ரிஜெக்ட் எடுத்தால் எங்கள் கம்பெனியில் கண்டுகொள்ள மாட்டார்கள். பையர் பீஸைத் தொட்டவனை முந்தின வருஷம் அரை மணி நேரத்தில் வெளியே அனுப்பியிருந்தார்கள்.

என் செல்லில் பேலன்ஸ் இல்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஸ்டாண்ட் ஒரு ரூபாய் போன் இருந்தது. திருநெல்வேலியில் தோழி ஒரு நாணயத்தை என் கையில் வைத்தாள். பஸ் கிளம்பப்போகிறது என்றேன். மதுரையில் மறுபடி வைத்தாள். பெட்டிக்கு முன்னால் போய் நின்று ரிசீவரைக்கூட எடுத்தேன். மேனேஜர் குரல் காதில் கேட்ட மாதிரி இருந்தது, வைத்துவிட்டேன். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் டயர் பஞ்சர். வண்டி அங்கேயே நின்றுவிட்டால் அந்த அக்காவின் பிழைப்பு போச்சு என்று இறங்கிப் போய் கண்டக்டரை அவசரப்படுத்தினேன். அப்போதும் சொல்லத் தோன்றவில்லை, சீக்கிரம் போகத்தான் தோன்றியது.

தாராபுரத்தில் ஆறு மணிக்கு டீ குடித்தோம். "நம்பரச் சொல்லு, நான் பேசறேன்" என்று தோழி எழுந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். டீ அவள் மேலேயே கொட்டியது. அதற்குப் பிறகு திருப்பூர் வரை அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் உப்புப் போக அலசி, தேய்த்து மடித்து, காலையில் முதல் ஆளாக ஹாலுக்குப் போனேன். செக்கிங் மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகினேன். சூப்பர்வைசர் வந்ததும், "இங்க ஏதோ கிடக்குதே!" என்று நானே இழுத்தெடுத்தேன். எட்டு மணிக்கு ஹால் நிரம்பியபோது அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம் லீவுல இருந்து வந்தாங்க, அஞ்சு நிமிஷத்துல கண்டுபுடிச்சுட்டாங்க" என்றார். பத்து மணிக்கு வந்த பையர் ஆளும் சரக்கைப் பாஸ் செய்துவிட்டுப் போனார். அப்பாடா என்றிருந்தது.

பதினொரு மணி டீ நேரத்தில் அந்த அக்கா என்னைத் தேடி வந்தார். வலது உள்ளங்கையில் மஞ்சள் அப்பியிருந்தது.

"நல்லா இருக்கோணும் கண்ணு நீங்க. நேத்து ஷிப்ட் உட்டதும் கேட்டுக்கிட்ட இருக்கற புள்ளயார் முன்னாடி நிறுத்திப்போட்டாங்க. சூடத்தக் கையில அணச்சு, என்ற புள்ள மேல சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணுனனுங்க. அத்தன சனமும் பாத்துட்டு நின்னுது."

"எத்தன மணிக்குங்க்கா?"

"ஆறு, ஆறேகால் இருக்குமுங்க."

என்னால் அடக்க முடியவில்லை. "நான்தாங்க்கா எடுத்துட்டுப் போனேன். தெரியாம எடுத்துட்டேன். நேத்துக் காலைலயே தெரிஞ்சு போச்சு, சொல்லப் பயமா இருந்துது" என்று அழுதேன்.

அவர் திட்டவில்லை. அழுது முடிக்கட்டும் என்று நின்றார்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது?" என்றார். "நேத்து நின்னாங்களே, அவிக முன்னாடி வந்து சொல்றீங்களா?"

பெல் அடித்தது. ஹால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு எனக்காக நின்றார். மிஷின்கள் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ஒருத்தர் பேசினால் ஹால் முழுக்கக் கேட்கும்.

"அவசரமா ஒரு மெயில் அனுப்பணுங்க்கா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ரூமுக்குப் போனேன்.