ஆற்றோரத்து வரிசை

ஜெபராணிக்கு இரண்டு வேலை. காலையில் ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் பட்டு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவாள். வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரையில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பெருக்குவாள், முள்செடி வெட்டுவாள். இந்த இரண்டாவது வேலை அவள் புருஷன் பிலிப் பார்த்தது. 1998இல் மஞ்சள்காமாலையில் அவன் போனபோது தோட்டத்தில் வேறெங்கும் இடமில்லை. ஆற்றோரத்துக் கடைசி வரிசையில்தான் அவனை அடக்கம் செய்தார்கள்.

அப்போது ஆறு எட்டத்தில் இருந்தது. மாட்டுவண்டியில் மணல் அள்ளிக்கொண்டிருந்த இடத்துக்கு டிராக்டர் வந்தது, பிறகு லாரிகள் வந்தன. கரையடியில் மணல் போகப் போக மேலே மண் சரிந்தது. வேலிக்கல் விழுந்தது. அடுத்த மழைக்கு ஒரு புங்கமரம் வேரோடு சாய்ந்தது. சபையிலிருந்து தாலுகா ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான்.

2005 கோடையில், சபைச் செயலாளரும் பள்ளி ஆசிரியருமான மைக்கேல்ராஜ், செங்குத்தாக நின்ற கரையைப் புல்டோசர் வைத்துச் சரிவாக்கினார். கரை தோலுரித்தது போல் சிவப்பாகக் கிடந்தது.

“ஜெபராணிம்மா, இப்படியே உட்டா மொத மழைக்கே கரைஞ்சிடும். புல்லு வேர் புடிக்கணும். அதுவரைக்கும் மண்ண வைக்கோலால மூடி வெக்கணும்” என்றார்.

ஆடியில் இருவருமாகச் சரிவின் குறுக்கே மண்ணைக் கீறி, கொழுக்கட்டைப் புல் விதையும் கொழுஞ்சி விதையும் தூவினார்கள். தெள்ளாரிலிருந்து வந்த வைக்கோலை மேலே பரப்பினார்கள். பாதியைக் காற்று அடித்துக்கொண்டு போனது, மீதியை மாடுகள் தின்றன. முளைத்திருந்த கொஞ்சத்தை ஆடுகள் கரம்பிவிட்டன.

ஜெபராணி விடவில்லை. மறுபடி விதைத்து, மறுபடி மூடினாள். தறியில் கழித்துப்போட்ட கயிறுகளைக் கேட்டு வாங்கிவந்து, முளைக்குச்சி அடித்து, வைக்கோல் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். சரிவைச் சுற்றி முள் போட்டாள். அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து தெளித்தாள். வைக்கோலுக்குள்ளிருந்து ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தபோது குனிந்து விரலால் விலக்கிப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை.

கீழே லாரிகள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் விடியலில் இறங்கிப் போய் ஒரு லாரியின் முன்னால் நின்றாள். பழனி ஓட்டிக்கொண்டிருந்தான். தறி வேலையை விட்டுவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன், தெரிந்த பையன்தான்.

“ஏம்ப்பா பழனி, மேல நான் புல்லு வெச்சிகினு கீறேன். நீ அடியில தோண்டிகினு கீறியே. எப்டிப்பா நிக்கும்?”

பழனி தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “எங்கிட்ட சொல்லி இன்னாக்கா ஆவும்? நான் வரலன்னா இன்னொருத்தன் வருவான். பேஜார் பண்ணாத, வழி உடுக்கா.”

அவள் விலகி நின்றாள். வேறென்ன செய்வாள்?

ஐப்பசியில் மழை பிடித்தது. குடை பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று பார்த்தாள். சரிவில் இறங்கிய தண்ணீர் கலங்காமல் போனது. ஒரு பிடி மண்கூடக் கரையவில்லை. “சார், நிக்குது சார்!” என்று மைக்கேல்ராஜ் வீட்டுக்கே ஓடிப்போய்ச் சொன்னாள்.

கார்த்திகையில் ஆறு வந்தது. வெள்ளம் மணல் பள்ளங்களுக்குள் சுழன்று கரையின் அடியைக் குடைந்தது. சரிவு கரையவில்லை. புல்லும் வைக்கோலும் கயிறும் அப்படியே மேலே இருக்க, மொத்தமாகப் பெயர்ந்து தண்ணீரில் இறங்கியது.

“அவர எடுத்துடலாம் சார், ஆளக் கூப்புடுங்க சார்” என்று ஜெபராணி கத்தினாள். அந்தப் பக்கம் கால் வைக்க யாரும் துணியவில்லை. ஓடப் பார்த்தவளை மைக்கேல்ராஜ் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசி வரிசையில் ஒவ்வொரு சிலுவையாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தது. பிலிப்பின் சிலுவை சாய்ந்தபோது அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

வெள்ளம் வடிந்ததும் கரை மறுபடி சுவர் போல நின்றது. லாரிகள் வந்தன. அடுத்த ஆடியில் மைக்கேல்ராஜ் ஒரு விதை மூட்டையோடு வந்தார்.

“எங்க சார் தூவறது?” என்றாள் ஜெபராணி.

அவர் செங்குத்தான கரையைப் பார்த்தார். மூட்டையைக் கீழே இறக்கிவைத்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஆற்றோடு போன அந்த வரிசையில் யாரையாவது அடக்கம் செய்திருந்தவர்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

“இங்கயே வெச்சிடுங்க. ரொம்பக் கிட்ட போவாதீங்க” என்றாள் ஜெபராணி.

தான் கொண்டுவந்த மெழுகுவர்த்தியை, அதற்கு முந்தைய வரிசையில் இருந்த யாரோ ஒருவருடைய கல்லறையின் ஓரத்தில் ஒட்டவைத்தாள்.