டீ, பன், அப்புறம் ஒரு படம்

சிவனாண்டியின் செல்போனில் ஆயிரத்துக்கு மேல் முகங்கள் இருக்கின்றன. ஒருவர் பெயரும் அவனுக்குத் தெரியாது. அவனியாபுரம் பைபாஸில் எனக்கு லாரி பாடி பட்டறை. பத்து வருஷமாக அவன் வண்டிக்கு வெல்டிங் வைப்பவன் நான்தான் என்பதால், அவனைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

அவன் மகன் அழகுபாண்டி பத்தொன்பது வயதில் ஐ.டி.ஐ.க்குப் போவதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து தனக்குத்தானே பேச ஆரம்பித்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. வயசுக் கோளாறு என்று சிரித்தவன் நான். ஒருநாள் சிவனாண்டி, "எங்கிட்டாச்சும் போய்த் தொலைடா" என்று கத்தினான். ஊரில் எந்த அப்பன் சொல்லாத வார்த்தை? இவன் மகன் மட்டும் சொல்பேச்சு கேட்டுவிட்டான். அவன் வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிறது.

போலீஸ், ஜோசியம், பேப்பர் விளம்பரம் எல்லாம் ஓய்ந்த பிறகு சிவனாண்டி தானாக ஒரு வழி பிடித்தான். கப்பலூரில் லோடு ஏற்றினால் நாக்பூர், சில சமயம் இந்தூர் வரைக்கும் போவான். வழியில் பாலத்தடியிலோ டோல்கேட் ஓரத்திலோ சடைத்தலையோடு யார் உட்கார்ந்திருந்தாலும் வண்டியை ஓரங்கட்டுவான். ஒரு டீ, ஒரு பன். தின்று முடிக்கும்வரை எதிரில் குந்தியிருப்பான். அப்புறம் இடது பக்கமாக ஒரு படம். அழகுபாண்டிக்குக் காதுகுத்து முடிந்த வாரமே ஏதோ ஒரு பிள்ளை கடுக்கனைப் பிடித்து இழுத்து, இடது காது அறுந்துபோயிருந்தது. அந்தக் காதுதான் அடையாளம்.

படம் வீட்டுக்கு வரும். அவன் மனைவி கனகலட்சுமி பார்த்துவிட்டு 'இல்லை' என்று போடுவாள். மற்ற டிரைவர்களிடமும் அவள் நம்பர் இருந்தது. அவர்கள் அனுப்பினாலும் அதே பதில்தான், கூட ஒரு கும்பிடு பொம்மை. பெற்ற மகனை உனக்கே தெரியாதா, அவளிடம் எதற்குக் கேட்கிறாய் என்று ஒருமுறை சிவனாண்டியிடம் கேட்டேன்.

"எனக்கு எல்லாருமே அவன் மாதிரித்தாண்ணே தெரியுறாங்க" என்றான்.

முதல் வருஷம் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் சாமியைக் கும்பிட்டுக்கொள்வானாம். இப்போது எப்படி என்றேன். "டயருக்குக் காத்துப் பாக்குற மாதிரித்தாண்ணே." எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய.

போன சித்திரையில், ஆந்திராவில் அனந்தபூருக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியில் கிளட்ச் போய்விட்டது. சாமான் வாங்கப் போன மெக்கானிக் மூன்று நாளாகத் திரும்பவில்லை. கேபினில் அனல் தாங்காமல் சிவனாண்டி ஒரு பர்லாங் தள்ளிப் பாலத்தடியில் போய் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் கிரீஸ். செல்லில் சார்ஜ் இல்லை. மகன் வரும்வரை எடுப்பதில்லை என்று பாண்டி கோயிலில் நேர்ந்துகொண்ட தாடி நெஞ்சு வரைக்கும்.

ஒரு நாமக்கல் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து டீயையும் பன்னையும் இவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் குந்தினார். சிவனாண்டிக்குப் புரிந்துவிட்டது. நானும் டிரைவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பேசத் தோணலண்ணே. டீ சூடா இருந்துச்சு."

அவர் இடது பக்கம் நகர்ந்து ஒரு படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். இவன் பன்னைத் தின்று முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. "இவன் இல்லையாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, அதக் கொஞ்சம் காட்டுங்க" என்றான் சிவனாண்டி.

தமிழைக் கேட்டு அந்த மனுஷன் ஆடிப்போய்விட்டார். செல்லில் சிவனாண்டியின் முகம் இருந்தது. கீழே 'இல்லை', ஒரு கும்பிடு. மேலே அவர் பதிந்து வைத்திருந்த பெயர், மதுரை கனகலட்சுமி.

ஊர் வந்து சேர்ந்ததும் சிவனாண்டி அவள் செல்லை வாங்கி, அந்தப் படத்தை எடுத்து நீட்டினான். அப்போதும் அவள் விரலால் காதைத்தான் பெரிதாக்கினாள். அதன் பிறகுதான் முகத்துக்கு வந்தாள்.

"காது நல்லா இருந்துச்சு, இல்லைனு போட்டேன்" என்றாள். "மூஞ்சியப் பாக்குறத விட்டு ரொம்ப நாளாச்சு. பாத்தா அன்னைக்குப் பூராம் சோறு எறங்க மாட்டேங்குது."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. சிவனாண்டி கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தான், அவள் சோறு போட்டாள். அழுதார்கள் என்று கேள்விப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது அவள் எட்டு வருஷத்துப் படங்களையும் முதலிலிருந்து பார்த்துவருகிறாள், முகத்தை. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் முடியவில்லையாம்.

அடுத்த லோடுக்கு முந்தின நாள் சிவனாண்டி பட்டறைக்கு வந்தான். எனக்கே ஆள் தெரியவில்லை. தாடியைச் சுத்தமாக எடுத்திருந்தான்.

"நேந்துகிட்டது என்னடா ஆச்சு?" என்றேன்.

"சாமி பொறுத்துக்கும்ணே. ரோட்டுல எவனாச்சும் என்னையப் படம் எடுத்து அனுப்புனா, அவளுக்கு ஆள் தெரியணும்ல."