பதினொரு கிலோமீட்டர்

காதுக்காரர் என்று சொன்னால்தான் அவரை யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. பழைய கார் எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் மற்ற மெக்கானிக்குகள் போல உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "மூணாவது சிலிண்டர்ல வால்வு இறுக்கமா இருக்கு" என்பார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். "கட்டின பொண்டாட்டி மூணு தடவை கூப்பிட்டா கேக்காது, எவன் வீட்டு காரோ இருமினா மட்டும் டாண்ணு கேட்டுடும்" என்பது அவர் மனைவியின் தீராத புகார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தக் காதைக் கட்டிப்போட்டது ஒரே ஒரு கார்தான். கரும்பச்சை நிறம், மடக்குகிற கூரை, இரண்டே இருக்கை. அவரைவிட நான்கு வயது மூத்தது. பல் டாக்டரம்மாவுடையது. வாரம் முழுக்க ஊரார் வாயைத் திறக்கவைக்கிற அந்த அம்மா, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வாயை மூடிக்கொண்டு நீர்த்தேக்கம் வரைக்கும் அதை ஓட்டிப் போவார். பக்கத்து இருக்கையில் காதுக்காரர். அவர் எஞ்சினைக் கேட்பதற்காகத்தான் அந்த மௌனம். நீர்த்தேக்கத்துக் கரையில் வண்டியை நிறுத்தி, சாவியை நீட்டுவார்.

"திரும்பறப்போ நீ ஓட்டுப்பா."

"அடுத்த வாரம் பாக்கலாம்மா. ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் வருது. அதை முடிச்சுடறேனே."

இப்படியே இருபத்திரண்டு வருடம். தேடுகிறவனுக்குச் சத்தத்துக்கா பஞ்சம்? உண்மை என்னவென்றால் மனிதருக்குப் பயம். அடுத்தவர் பொருள், ஒரு கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைகள் ஒருநாள் தீர்ந்துபோகும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. நம்மில் யாருக்குத்தான் தோன்றுகிறது?

தீர்ந்துதான் போயின. டாக்டரம்மாவுக்குக் கண் மங்கியது. முதலில் மருத்துவமனையை மூடினார், பிறகு காரை விற்றார். "இவர்தான் பாத்துக்கணும்" என்று காதுக்காரரைக் காட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வாங்கியவர், பிறர் காலிமனை வாங்கிப்போடுவதுபோலக் கார் வாங்கிப்போடுகிறவர். தொழிற்பேட்டையின் கடைசிக் கட்டடத்தில் ஏழு கார்கள் துணி போர்த்தி நின்றன. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் இரவு பகலாக முனகிக்கொண்டிருந்தது. அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: மீட்டரில் எண் நகரக்கூடாது. ஓடாத வண்டிக்குத்தான் விலை.

முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒன்றாம் தேதி பொழுது சாய்வதற்குள் சம்பளம் வந்துவிடும். மாதம் ஒருமுறை வருவார், துணியை விலக்குவார், டார்ச் அடித்து மீட்டரைப் பார்ப்பார், திருப்தியாகப் போய்விடுவார். "நான் இதுல ஒருதடவைகூட உக்காந்ததில்ல. உக்காந்தா அப்புறம் விக்க மனசு வராது" என்று ஒருமுறை சொன்னார். காதுக்காரருக்கு அன்று அவர்மேல் பாவமாக இருந்தது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். அப்போது டாக்டரம்மாவுக்கு போன் போட்டு, போனைப் பானெட்டுக்குப் பக்கத்தில் பிடிப்பார். அந்தப் பக்கத்தில் மூச்சுச் சத்தம்கூட வராது. பத்து நிமிடம் முடிந்ததும் டாக்டரம்மா, "நல்லா இருக்காப்பா... நல்லா இருக்கா" என்பார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய் மாதிரி. வைத்துவிடுவார்.

மூன்று வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை முதலாளி வந்து சொன்னார். "பச்சை வண்டி வித்தாச்சு. வெளிநாடு. திங்கக்கிழமை லாரி வருது. மீட்டர் நாப்பத்தோராயிரத்து முந்நூத்தி ஆறுன்னு பத்திரத்துல எழுதியாச்சு, ஜாக்கிரதை."

அன்று மாலை காதுக்காரர் போனில் டாக்டரம்மாவிடம் செய்தியைச் சொன்னார். டாக்டரம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ ஒரு தடவையாவது ஓட்டினியாப்பா?"

"இல்லம்மா."

போனை வைத்துவிட்டார். அன்று இரவு காதுக்காரர் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த மனைவி சொன்னாள்: "போய் ஓட்டிட்டு வந்துடுங்க. வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம். 'ஓட்டலையே, ஓட்டலையே'ன்னு சாகிறவரைக்கும் நீங்க பெருமூச்சு விடறதை என்னால கேட்டுட்டிருக்க முடியாது."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவர் துணியை விலக்கினார். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, மீட்டருக்குப் போகும் கேபிளின் திருகைக் கழற்றினார். கேபிள் கழன்றால் வண்டி எத்தனை தூரம் போனாலும் எண் நகராது. தொழில் தெரிந்தவனின் கள்ளத்தனம். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருகினார். தெருமுனை திரும்பி மூன்றாவது கியருக்குப் போனதும் பயம் விட்டுப்போனது. முகத்தில் காற்று அடிக்க அடிக்க, இத்தனை ஞாயிறுகளை வீணாக்கிவிட்டோமே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓட்டினார்.

டாக்டரம்மா குடியிருக்கும் கட்டடத்தின் முன் நிறுத்தி எஞ்சினை ஒருமுறை உறுமவிட்டார். போன் போடத் தேவையிருக்கவில்லை. டாக்டரம்மா வீட்டு உடையிலேயே, கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கி வந்துவிட்டார். கையால் கதவைத் தேடிப்பிடித்து, இத்தனை வருடத்தில் முதன்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நூறடி போயிருப்பார்கள்.

"மீட்டர் எவ்வளவுப்பா காட்டுது?"

"அதேதான்மா. கேபிளைக் கழட்டிட்டேன். யாருக்கும் தெரியாது."

"வண்டியை நிறுத்து."

நிறுத்தினார்.

"நான் ஓட்டினது ஒவ்வொரு கிலோமீட்டரும் அதுல இருக்கு. நீ ஓட்டினது மட்டும் இல்லாமலே போகணுமா? மாட்டுப்பா அதை."

காதுக்காரர் எஞ்சினை அணைத்தார். மாட்டினால் வேலை போகும். ஐம்பத்து நான்கு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? மாட்டாவிட்டால் இந்தக் காலைப்பொழுது நடந்ததற்கே சாட்சி இல்லை. குனிந்து கேபிளை மாட்டித் திருகினார்.

நீர்த்தேக்கம் போய், டாக்டரம்மாவை வீட்டில் விட்டு, தொழிற்பேட்டைக்குத் திரும்ப மொத்தம் பதினொரு கிலோமீட்டர். டாக்டரம்மா வழிநெடுகக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இறங்கும்போது அவர் தோளில் கை வைத்து, "நல்லா ஓட்டறே. அப்பவே ஓட்டியிருக்கலாம்" என்றார். பிறகு பச்சைக் கதவை ஒருமுறை தடவிவிட்டுப் படியேறினார்.

திங்கட்கிழமை, வெளிநாட்டில் வாங்கியவரின் ஆள் காகிதத்தையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். "முந்நூத்திப் பதினேழுன்னு இருக்கே?"

முதலாளியின் முகம் வெளிறியது. பதினொரு கிலோமீட்டருக்காக விலையைக் குறைப்பார்கள், அல்லது வேண்டாம் என்றே போய்விடுவார்கள். அவர் காதுக்காரரைப் பார்த்தார். "லாரில ஏத்தறதுக்கு முன்னாடி சோதனைக்கு எடுத்திருப்பீங்க, இல்லையா?" என்றார். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து நீட்டினார். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வந்த ஆள் நம்பினாலும் நம்புவான், வேலையும் தப்பும்.

"சோதனை இல்ல சார்" என்றார் காதுக்காரர். "எனக்கு ஓட்டணும்னு இருந்துச்சு. நான்தான் ஓட்டினேன்."

முதலாளி சாவிக்காகக் கையை நீட்டினார். காதுக்காரர் கட்டடத்துச் சாவியை உடனே கொடுத்துவிட்டார். கார் சாவியைக் கொடுக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது.