பேப்பரில் வராத படம்

அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தியைக்கூடப் பார்க்காமல் காலமானார் பக்கத்துக்குத்தான் போவார். அவர் செக்‌ஷனில் ரிடையர் ஆன எல்லோருக்கும் இதே பழக்கம். ஆளுக்கொரு மூலையில் குடியேறிவிட்டவர்கள், யார் இருக்கிறார் யார் போய்விட்டார் என்று அதில்தான் பார்த்துக்கொண்டார்கள். "இன்னிக்கு யாருப்பா?" என்று சீண்டுவேன். "யாரும் இல்லம்மா. எல்லாரும் டூட்டியில கீறாங்க" என்பார்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். போன வருடம் அப்பா இறந்த அன்று, பேப்பரில் விளம்பரம் கொடுக்கலாமா என்று தம்பி கேட்டான். "இந்தக் காலத்துல எவன்டா பேப்பர் படிக்கிறான்? எல்லாம் போன்லயே போயிடும்" என்று எரிந்து விழுந்தேன். அப்பா படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கூட்டத்துக்குக் குறைவில்லை. மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து கல்லறையில் என் அலுவலகத்துக்காரர்கள், தம்பியின் நண்பர்கள், மகளின் டியூஷன் டீச்சர்கூட ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர்கூட இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் மாறி வந்து வாசலில் நின்றார் அப்பாவின் சிநேகிதர். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். சின்ன வயதில் என்னைத் தோளில் ஏற்றித் தேர்ப்பவனி காட்டியவர்.

"இன்னாம்மா, உங்கப்பன் போனு ஸ்விட்ச் ஆஃப்னே வருது. ஊட்ல கீறானா?"

அந்தப் போனை அணைத்து பீரோவில் வைத்தவளே நான்தான். நான் வாய் திறப்பதற்குள் கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"டெய்லி பேப்பர் பாத்துகினுதாம்மா இருந்தேன். படம் வர்ல. சரி, நல்லாதான் கீறான், போனுதான் ரிப்பேருன்னு இருந்துட்டேன். ஒரு பிடி மண்ணு போட்டிருப்பேனே."

நான் போட்டதோ ஸ்டேட்டஸில். அது ஒரே நாளில் மறைந்துபோயிருந்தது. அவர் சட்டைப்பையில் இருந்தது பட்டன் போன். வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் அழ, அவர்தான் என்னைத் தேற்றினார்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பவாச்சும் பேப்பர்ல போட்ரும்மா. செக்‌ஷன் ஆளுங்க இன்னும் நாலு பேரு, அவன் உசுரோட கீறான்னு நெனச்சினு கீறாங்க."